செண்பக மரமும் நாமும்



ஆங்கிலக் கதை நூல்களிலும் மேனாட்டுத் திரைப்படங்களிலும் 'மக்னோலியா' என்றொரு மரத்தின் பெயர் அடிக்கடி வருவதை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். பெரிய வெண்மலர்களைத் தாங்கி, மாளிகை வாயிலில் நிழல் பரப்பி நிற்கும் மரம் அது. அப்பெயரைப் படிக்கும் நம் மாணாக்கர், அஃது எங்கோ பனி பெய்யும் நாட்டுக்கு உரியதென்றும், நாம் கண்ணாற் காண இயலாததென்றும் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் அந்த இனத்து மரமொன்று நம் அயல் வளவிலேயே நிற்கின்றது. பெல்மதுளையிலிருந்து கஹவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கும் உள்ள கிராமத்து வளவுகளிலே, பலாவுக்கும் கமுகுக்கும் நடுவே, நேரிய அடிமரத்துடன் நெடிதுயர்ந்து நிற்கும் மரத்தைச் சிங்கள மக்கள் 'சபு' என்பர். தமிழர் அதற்கு இட்ட பெயர் செண்பகம். பழைய நூல் வழக்கிற் சண்பகம்.

இம்மரத்தின் பெயர் வரலாறு, அதன் பூவின் அமைப்பு, பல்வேறு மக்கள் அதற்கு ஏற்றிய பொருள், தோட்டப் பகுதிகளில் வாழும் நமக்கு அது நினைவூட்டும் கடமை ஆகிய இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலிற் பெயரை எடுத்துக்கொள்வோம். பிரான்சு தேசத்து மொம்பெலியே நகரில் 1638 முதல் 1715 வரை வாழ்ந்த பியேர் மக்னோல் என்பவர் ஒரு தாவரவியல் அறிஞர். செடிகொடிகளை அவற்றின் உறவு நோக்கிக் குடும்பங்களாக வகுக்கலாம் என்னும் கருத்தை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய மார்த்தினிக்கில் ஒரு பூமரத்தைக் கண்ட சார்ல் புளுமியே என்னும் துறவி, அவ்வறிஞரைச் சிறப்பிக்கும் பொருட்டு 1703 ஆம் ஆண்டில் அதற்கு மக்னோலியா என்று பெயரிட்டார். சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட தமது பெருநூலில் அப்பெயரை நிலைநிறுத்தினார். நமது செண்பகத்தை அவர் வேறோர் இனமாகப் பிரித்து, மிக்கேலி என்னும் இத்தாலிய அறிஞரின் நினைவாக 'மிக்கேலியா சம்பக்கா' என்றார். பூவின் இருப்பிடம் வேறுபட்டிருந்ததே அப்பிரிவுக்குரிய முதற் காரணம். மக்னோலியா கிளையின் நுனியிற் பூக்கும். செண்பகமோ இலைக்கக்கத்திற் பூக்கும். பிற்காலத்தார் உயிரணுவில் உறையும் மரபுப்பொருளை ஆராய்ந்து, இவ்விரண்டையும் பிரித்து வைத்தல் பொருந்தாதெனக் கண்டனர். ஆகவே இன்று தாவரவியலார் செண்பகத்தை 'மக்னோலியா சம்பக்கா' என்றே வழங்குகின்றனர். நீண்ட காலம் அயலவராகக் கருதப்பட்டவர் உடன்பிறந்தவரே என்று தெளிந்தது போன்றது இது.

தமிழ்ப் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. இலங்கைத் தமிழர் பலரிடம் செண்பகம் எதுவென்று வினவினால், செந்நிறச் சிறகும் கரிய உடலும் கொண்டு வேலியோரத்தில் நடந்து திரியும் பறவையையே சுட்டிக்காட்டுவர். தமிழ்நாட்டில் அதனைச் செம்போத்து என்பதும் உண்டு. பெயரளவில் ஒன்றாயினும் பறவை வேறு, பூ வேறு. பூக்கடைகளில் சம்பங்கி என்ற பெயரில் நீண்ட காம்புடன் விற்கப்படும் வெண்பூவும் செண்பகமன்று. அது நிலத்திற் கிழங்கிலிருந்து வளரும் செடியின் பூ.

இனி மரத்தைப் பார்ப்போம். செண்பகம் என்றும் பசுமை மாறாதது; நல்ல மண்ணும் மழையும் வாய்த்தால் 100 அடிக்கு மேலும் உயரக்கூடியது. இலைகள் நீண்டு, நுனி கூர்ந்து, பளபளப்பாக இருக்கும். பூவோ பொன்மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறத்தது. ஏனைய பூக்களிற் பச்சை நிறப் புறவிதழ் வேறு, நிறமுள்ள அகவிதழ் வேறு என்று பிரித்துக் காட்டலாம். செண்பகத்தில் அவ்வேறுபாடு இல்லை. எல்லா இதழ்களும் ஒரே தன்மையனவாக, பன்னிரண்டுக்கு மேற்பட்டனவாக அமைந்துள்ளன. நடுவே ஒரு சிறு தண்டு நிமிர்ந்திருக்க, அதன் அடியில் மகரந்தத் தாள்களும், மேலே சூலறைகளும் திருகுசுருளாக அடுக்கப்பட்டிருக்கும். பூக்குந் தாவரங்களின் மிகப் பழைய அமைப்புகளுள் இஃது ஒன்று. மக்னோலியாவின் நெருங்கிய உறவினத்துப் புதைபடிவங்கள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிற் கிடைத்துள்ளன. இராட்சதப் பல்லிகள் உலாவிய காலத்துப் பூவின் சாயலை நம் மகளிர் கூந்தலிற் சூடுகின்றனர் என்றால், அது வியப்புக்குரியதே அன்றோ?

இப்பூவைப் பற்றி நம் முன்னோர் கூறிய செய்தி ஒன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. சண்பகத்தையும் வேங்கையையும் 'வண்டுணா மலர்' என்று வழங்கினர். தேன் தேடித் திரியும் வண்டு இப்பூக்களை நாடாது என்பது அவ்வழக்கின் பொருள். வடமொழிப் புலவரும் இவ்வாறே கூறினர். இத்துணை மணமுள்ள பூவை வண்டு ஏன் ஒதுக்குகிறது என்று வியந்து, அதனைத் தலைவியின் துயருக்கும் புலவனின் வறுமைக்கும் உவமையாக்கினர். தாவரவியல் இதற்கு ஓரளவு விளக்கந் தருகின்றது. மக்னோலியாக் குடும்பத்துப் பூக்கள் தேனைக் காட்டித் தேனீயை அழைப்பதைப் பெரிதும் நம்பியிருப்பனவல்ல. தடித்த ஓடு போன்ற சிறகுடைய சிறு வண்டினங்கள் மணத்தால் ஈர்க்கப்பட்டு இதழ்களுக்குள் நுழைந்து, மகரந்தத்தைத் தின்று, அதனை உடலிற் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கின்றன. அவ்வினங்கள் இப்புவியில் தேனீக்களுக்கு மிக முற்பட்டவை. பூ விரிந்ததும் முதலிற் பெண்ணுறுப்பு மகரந்தத்தை ஏற்க ஆயத்தமாகின்றது. பின்னரே மகரந்தத் தாள்கள் வெடிக்கின்றன. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. எனவே வண்டுணா மலர் என்று சொன்னவர்கள் வீணே கற்பனை செய்யவில்லை. மரத்தின் கீழ் நின்று கண்ணாற் பார்த்தே சொன்னார்கள்.

தமிழிலக்கியத்திற் செண்பகத்துக்கு நெடிய வரலாறு உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் மலைச்சாரலிற் பறித்துக் குவித்ததாகக் கூறப்படும் 99 பூக்களுள் சண்பகமும் ஒன்று. சைவர் வழிபாட்டிலும் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையிற் கூறும் அட்ட புட்பங்கள், புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவர்த்தம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன. கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் தலமரம் செண்பகமே. அத்தலத்துக்குச் செண்பகாரண்யம் என்ற பெயரும் வழங்குகின்றது. குற்றாலத்து மலைமேல் உள்ள அருவியொன்று செண்பகாதேவியின் பெயரைத் தாங்கி வீழ்கின்றது.

இதற்கு நேர்மாறான கதையொன்றும் பாரதத்திலே வழங்குவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். தீய எண்ணமுடைய ஒருவன் நாள்தோறும் செண்பகப் பூவைக் கொய்து சிவனை வழிபட்டு வரம் பெற்றானாம். உன் பூவைக் கொய்தவர் யார் என்று நாரதர் மரத்தை வினவ, மரம் உண்மையை மறைத்ததாம். அதனால், சிவபூசைக்கு உன் பூ ஆகாதொழிக என்று முனிவர் சபித்தார் என்பது கதை. ஓரிடத்திற் பூசைக்கு விலக்கப்பட்ட பூ, மற்றோரிடத்தில் எட்டு மலர்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. இதனால் நாம் அறிவது யாது? பூவுக்குப் பொருள் பூவிலிருந்து பிறப்பதில்லை. மனிதரே அதனை ஏற்றுகின்றனர். ஏற்றியவரே அதனை மாற்றவும் வல்லர்.

இலங்கையில் இப்பூவின் பெயர் இரு மொழியினரையும் ஒரே வரலாற்றில் இணைத்து நிற்கின்றது. வடமொழியில் 'சம்பக' என்னுஞ் சொல்லே தமிழிற் சண்பகமாகவும், சிங்களத்திற் சபுவாகவும் வழங்குகின்றது. கௌதம புத்தருக்கு அரசமரம் அமைந்தது போல, அவருக்கு முன்னே தோன்றியவராகப் பௌத்த நூல்கள் கூறும் அத்ததசி புத்தர் ஞானம் பெற்றது செண்பகத்தின் கீழ் என்பது அம்மரபு. ஆதலின் விகாரைகளிலும் சபு மலர் பக்தியோடு படைக்கப்படுகின்றது.

இனி, கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சேனையை நடத்தி, 1450 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண அரசை வென்ற இளவரசனை எண்ணிப்பாருங்கள். சிங்களத்தில் அவன் சபுமல் குமாரன். தமிழிற் செண்பகப் பெருமாள். பெயர் இரண்டாயினும் பூ ஒன்றே. தென்கோடியாகிய தெய்வந்துறையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்த அவனுக்குக் குயிலைத் தூதனுப்புவதாகப் பாடப்பட்டதே 'கோகில சந்தேசய' என்னும் சிங்களக் காவியம். பின்னர் அவன் புவனேகபாகு என்ற பட்டத்தோடு கோட்டையில் அரசாண்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கட்டியத்தில் ஸ்ரீ சங்கபோதி புவனேகவாகு என்ற பெயர் இன்றும் ஓதப்பட்டு வருகின்றது. அப்பெயர் இவனையே குறிக்கும் என்பர் வரலாற்றாசிரியர் பலர். வாளோடு வந்த ஒருவனின் பெயர் வழிபாட்டில் இடம்பெற்று, இரு மொழியிலும் ஒரு பூவின் பெயரால் நினைக்கப்படுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கடல் கடந்தும் இப்பூவின் உறவினர் பரந்துள்ளனர். மலாய் மக்கள் செண்பகத்தைச் 'செம்பாக்கா' என்பர். சீன தேசத்தார் 'யூலான்' என்னும் வெண்ணிற மக்னோலியாவைக் கோயிற் சோலைகளில் நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். இலை துளிர்க்கும் முன்னரே வெறுங்கிளையிற் பூத்து நிற்பதால் அதனைத் தூய்மையின் அடையாளமாகப் போற்றினர். சாங்காய் நகரம் 1986 இல் வெண்மக்னோலியாவைத் தன் நகர மலராக ஏற்றது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்னோலியாவின் கதை நம் உள்ளத்தைத் தொடுவது. அங்கே பருத்தித் தோட்ட முதலாளிகளின் மாளிகை முற்றங்களை அலங்கரித்த மரம் அது. அவர்களுடைய கதைகளிலும் பாடல்களிலும் அது செல்வத்தின் அடையாளமாயிற்று. ஆனால் வெயிலிற் பருத்தி கொய்த ஆபிரிக்க அடிமைகளுக்கு அந்த நிழல் உரியதாகவில்லை. அடிமை முறை 1865 இல் சட்டத்தால் ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைச் சாடி, பில்லி ஹாலிடே என்னும் பாடகி 1939 இல் இசைத்தட்டிற் பாடிய புகழ்பெற்ற பாடலில், மக்னோலியாவின் இனிய மணமே நெஞ்சைப் பிளக்கும் முரணாக வந்தமைகின்றது. மாளிகையில் இருந்தவருக்கு ஒரு பொருள். வயலில் உழைத்தவருக்கு வேறொரு பொருள். ஆயினும் கதை அதனோடு முடியவில்லை. மிசிசிப்பி மாநிலம், அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் சின்னத்தைத் தாங்கிய தன் பழைய கொடியை 2020 இல் இறக்கிற்று. மக்கள் வாக்களித்துத் தெரிந்த புதிய கொடி 2021 சனவரியிற் சட்டமாயிற்று. அதன் நடுவே இருப்பது மக்னோலியாப் பூ. பூவின் பொருளை மனிதர் மாற்ற வல்லர் என்று முன்னர்க் கூறியதற்கு இது நல்ல சான்று.

இந்நிலையில் நம் பக்கம் திரும்புவோம். சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர், 19 ஆம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டிலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர் அவர்களே. இலட்சக்கணக்கான தேயிலைக் கன்றுகளையும் இறப்பர்க் கன்றுகளையும் நட்ட கைகள் அவர்களுடையவை. ஆனால் தமக்கென்று ஒரு மரம் நட்டவர் அவருள் எத்தனை பேர்? லயத்தின் பின்புறத்துச் சிறு துண்டு நிலத்திற் கீரையும் மிளகாயும் போட்டனர். வாசலில் செவ்வந்தியும் கனகாம்பரமும் வைத்தனர். இவை யாவும் சில திங்களிற் பலன் தருவன. மரமோ பல்லாண்டு கடந்து பலன் தருவது. நாளையும் இம்மண்ணில் இருப்போம் என்ற உறுதி உள்ளவனே மரம் நடுவான்.

அவ்வுறுதி நம் மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படுவதாயிற்று. அக்காலத்தில் எந்தக் குடும்பம் எப்போது மூட்டை கட்டும் என்று எவர் அறிவார்? போகவேண்டியவன் எவ்வாறு செண்பகம் நடுவான்? 2003 ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமையை உறுதி செய்தது. அயற் கிராமத்துச் சிங்கள விவசாயி, மகன் பிறந்தபோது வளவின் எல்லையில் ஒரு சபுக் கன்றை நட்டால், அவன் வளர்ந்து வீடு கட்டும்போது கதவுக்கும் யன்னலுக்கும் கூரைக்கும் அது பலகையாகும். நம் பிள்ளைகள் அதே மரத்தின் பூவை மட்டுமே பெற்றனர். பூவைச் சூடுதற்கு நிலம் வேண்டியதில்லை. மரத்தை நடுதற்கு நிலம் வேண்டும். செண்பகம் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

இம்மரத்தின் பிறப்பிலும் ஒரு பாடம் இருக்கின்றது. பொன்னிறச் செண்பகம் மனிதர் கொண்டுவந்து நட்டதனால் இலங்கையிற் பரவியதெனத் தாவரவியலார் கருதுகின்றனர். ஆயினும் இன்று அதனை அந்நிய மரம் என்று எவரும் ஒதுக்குவதில்லை. அதன் உடன்பிறப்பாகிய 'வல் சபு' என்னும் காட்டுச் செண்பகமோ நம் மலைநாட்டின் உயர்ந்த காடுகளில் இயற்கையாகவே வெண்ணிறப் பூப் பூக்கின்றது. அதே இனம் தென்னிந்தியாவின் நீலகிரிக் காடுகளிலும் வளர்கின்றது. கொண்டுவரப்பட்டது ஒன்று, கடலின் இருபுறமும் இயல்பாக நிற்பது மற்றொன்று. வேரூன்றிய பின்னர் இரண்டும் ஒரே மழையைத்தான் குடிக்கின்றன.

இன்று தோட்டங்களிற் சில குடும்பங்களுக்கேனும் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என நிலத்தோடு கூடிய தனி வீடுகள் கிடைத்துள்ளன. அவ்வாறு பெற்றோர்க்கும், பாடசாலைகளை நடத்துவோர்க்கும் பயன்படும் சில குறிப்புகளைக் கூறுகின்றேன். பூ உதிர்ந்த பின் சிறு காய்கள் கொத்தாகத் தொங்கும். அவை முதிர்ந்து வெடிக்கும்போது செந்நிறத் தசை போர்த்த விதைகள் வெளிப்படும். பறவைகள் அவற்றை விரும்பி உண்பதால், அவை உண்ணுமுன் சேகரித்தல் வேண்டும். தசையை நீரிற் கழுவி நீக்காமல் விதைத்தால் முளைப்பது குறையும். விதையின் உயிராற்றல் விரைவிற் கெடுவதால், உலர்த்திச் சேமித்து வைக்காது, சில நாட்களுக்குள் நாற்று மேடையில் விதைத்துவிடல் நலம். இளங்கன்றுக்குச் சிறிது நிழல் வேண்டும். விதைக் கன்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஒட்டுக் கன்று சில ஆண்டுகளிலேயே பூக்கும்.

ஏழு பேர்ச் நிலத்தில், வீட்டுச் சுவரை ஒட்டி இம்மரத்தை நடுதல் தகாது. பெருங்காற்றில் கிளை முறிந்தால் கூரைக்கு இடராகும். மண் சரியும் சாய்வுகளில் இன்னும் கவனம் வேண்டும். பூவுக்காக மட்டும் வளர்ப்போர் ஒட்டுக் கன்றை நட்டு, தேயிலையைக் கவாத்துச் செய்வது போல ஆண்டுதோறும் கவாத்துச் செய்து சிறிதாக வைத்துக்கொள்ளலாம். முழு மரமாக வளர்ப்பதற்கு உரிய இடங்கள் பாடசாலையின் எல்லை, கோயில் வீதி, விளையாட்டு மைதானத்தின் ஓரம் போன்ற பொது இடங்களே. அங்கு நடப்படும் மரம் எவர் ஒருவருக்கும் உரியதன்று. ஆதலால் எல்லார்க்கும் உரியது.

பாடசாலையில் நடும்போது ஒன்று செய்தல் நன்று. மரத்தின் அருகே சிறு பலகையொன்றில் செண்பகம் என்று தமிழிலும், சபு என்று சிங்களத்திலும், மக்னோலியா சம்பக்கா என்ற அறிவியற் பெயரையும் எழுதி வைக்கலாம். தமிழ்ப் பிள்ளை அதன் சிங்களப் பெயரையும், சிங்களப் பிள்ளை அதன் தமிழ்ப் பெயரையும் அறிதல் ஒரு சொல்லைக் கற்பதோடு முடிவதன்று. கபிலர் பாடிய பூவும், விகாரையிற் படைக்கப்படும் பூவும், செண்பகப் பெருமாளின் பெயரிலுள்ள பூவும் ஒன்றே என்று அறிந்த பிள்ளைக்கு, அயலவனின் வளவும் அந்நியமாகத் தோன்றாது.

நம் முன்னோர் பிறருக்காக மலை முழுவதும் நட்டனர். நாம் நம் பிள்ளைகளுக்காக ஒரு மரம் நடும் காலம் வந்திருக்கின்றது. எஞ்சிய குடும்பங்களுக்கும் சொந்த நிலம் கிட்டவேண்டும் என்று கேட்பதும், கிட்டிய இடத்தில் நெடுங்காலம் நிற்பதை நடுவதும் ஒரே உறுதியின் இரு பக்கங்களாகும். இவ்வாண்டு மழை தொடங்கும்போது, உங்கள் பாடசாலையிலோ கோயில் வீதியிலோ ஒரு செண்பகக் கன்றை ஊன்றுங்கள். அது முழு உயரத்துக்கு வளரும் நாளில் அதன் கீழே நிற்போர், இவ்வூர் எமது என்று எவர் முன்னும் தயங்காமற் சொல்வார்களாக.